அண்ணனின் எதிரொலிகள்

எங்கள் முதல் பாட்டு ஒரு படகின் ஹாரனில் தொடங்கும். மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் ஒரு மழைநாள் மத்தியானம் அண்ணன் அதைப் போனில் பதிந்துகொண்டு வந்தான். வீட்டில் உட்கார்ந்து அதை இழுத்து, தேய்த்து, எதிரொலிக்குமேல் எதிரொலியாக அடுக்கினான். கடைசியில் அது ஹாரனாக இல்லை. காயலுக்கு அப்பாலிருந்து யாரோ கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோவதுபோல் இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருடா கூப்பிட்டது?" என்றாள்.

நாங்கள் இரண்டே பேர், அண்ணனும் தங்கையும். நான் பாஸ் கிதார், மற்றதெல்லாம் அண்ணன். ஜமைக்காவின் ரெகே இசையிலிருந்து பிறந்த டப் என்பது எங்கள் வகை. பாட்டிலிருந்து குரலை உருவிவிட்டுத் தாளத்தையும் பாஸையும் மட்டும் வைத்துக்கொள்வோம். உருவிய குரல் அங்கங்கே எதிரொலியாகத் திரும்பி வரும். கொச்சி கார்ப்பரேஷன் துப்புரவு வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. பிள்ளைகளுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று அப்பாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. எந்தக் கம்பெனியும் எங்களைத் தேடி வரவில்லை. பாட்டுகளை நாங்களே இணையத்தில் போட்டோம். முன்பின் தெரியாத யாரோ, உங்கள் பாட்டுக்குள் மழை பெய்கிறது என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் அதை அம்மாவிடம் தமிழில் சொல்லிக் காட்டினான்.

பிறகு பாட்டுகள் கூர்மையாகிக்கொண்டே போயின. டிரம்ஸின் சிம்பல் தட்டோசை பல்லைக் கூசவைத்தது. "அண்ணா, மேல்சத்தம் கூடுதலா இருக்கு" என்பேன். "எனக்குக் கொறவாத்தான் கேக்குது. நீ உன் பாஸை நோக்கு" என்பான். அவன் ரசனை மாறிவிட்டதென்று நினைத்துக்கொண்டேன்.

ஃபோர்ட் கொச்சியில் ஒரு சாயங்கால நிகழ்ச்சியின் நடுவே ஸ்பீக்கர் கீச்சென்று அலறியது. கூட்டமே காதைப் பொத்திக்கொண்டது. அண்ணன் மட்டும் சத்தம் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர்மேல் விரல்களை வைத்து, கண்மூடி, சிரித்த முகமாக ஆடிக்கொண்டிருந்தான். மைக்செட்காரச் சேட்டன் ஓடிவந்து வயரைப் பிடுங்கி, "எந்து பற்றி? செவி கேக்கில்லே?" என்றார்; என்ன ஆயிற்று, காது கேட்கவில்லையா என்று மலையாளத்தில். அண்ணன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அவனுக்கு முன்பே தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

செவி நரம்பு போய்க்கொண்டிருக்கிறது, திரும்ப வராது என்றார் டாக்டர். காதில் கருவி வைத்தால் பேச்சு ஓரளவு கேட்கும். ஆனால் பாட்டு, தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஆகிவிடும். "ஒண்ணும் குழப்பமில்ல" என்றான் அண்ணன், பரவாயில்லை என்பதுபோல. மிக்ஸரைத் துணியால் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினான். இடப்பள்ளியில் ஒரு துணிக்கடைக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். வீட்டில் யாரும் சத்தமாகப் பேசாமலானோம். அதனால் அவனுக்கு இன்னும் குறைவாகவே கேட்டது.

இப்போது தனியாகத்தான் பாட்டு செய்கிறேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. போன ஞாயிற்றுக்கிழமை ஒன்றை முடித்து, ஹெட்போனை அவனிடம் நீட்டினேன். கருவியைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டிக்கொண்டான். தாளத்தோடு தலை ஆடியது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. தாளம் போடும் என் காலைப் பார்த்துத்தான் ஆடுகிறான் என்பதைக் கொஞ்சம் கழித்தே கவனித்தேன். காலை நிறுத்தினேன். தலையும் நின்றது.

"தீந்துதா?" என்றான்.

பாட்டு பாதிகூட ஆகியிருக்கவில்லை. ஆமாம் என்று தலையசைத்தேன்.

"நல்லா இருந்துச்சு மோளே" என்று ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தான். அதற்குள் பாட்டு சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது.