சாவி கொடுத்தால் ஆடும் தொட்டி

பெற்றவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். பம்பரம் என்றால்தான் திரும்புவான். திரும்பிய கையோடு வேறு எங்காவது கிளம்பியும் இருப்பான். நாற்பத்தாறு வயது, பாதி நரைத்த தலை. சாப்பிட உட்கார்ந்தால்கூட யாரோ வாசலில் கூப்பிடுகிற மாதிரி ஒரு காலைக் குத்துக்காலாகவே வைத்திருப்பான். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பெஞ்சில் அசையாமல் இருக்க முடியவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. பிறகு சைக்கிள் கடையில் மூன்று மாதம், பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் ஆறு மாதம், கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் கடையில் இருபதே நாள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இடம் மாறி மாறி, கடைசியில் துணி துவைக்கும் மெஷின் ரிப்பேருக்கு வந்தான், ஒட்டிக்கொண்டான். வீட்டுக்கு வீடு போகிற வேலை. ஒரு வீட்டில் முக்கால் மணி நேரம், பையைத் தூக்கு, அடுத்த வீடு. அவன் காலுக்கு ஏற்ற தொழில். இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, பேரிங் போய்விட்டதா, பம்ப்பில் சட்டைப் பொத்தான் மாட்டியிருக்கிறதா என்று சொல்லிவிடுவான்.

ஊரிலுள்ள மெஷினையெல்லாம் ஓட வைத்தவன் வீட்டில் ஒரு மெஷின் கிடையாது. மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில், மொட்டை மாடியை ஒட்டி இரண்டு அறை. அங்கே ஏறி வருகிற ஒயர் அரதப் பழசு. ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு தாங்கும், அவ்வளவுதான். ஒரு வாடிக்கையாளர் வேண்டாம் என்று ஒதுக்கிய மெஷினைத் தூக்கி வந்து ஒரு தடவை மாட்டிப் பார்த்தான். கட்டடம் முழுக்க இருண்டு போனது. வீட்டுக்காரர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, இனி மோட்டார் வைத்த எதையாவது இந்த மாடியில் பார்த்தால் மோட்டாரோடு சேர்த்து உங்களையும் இறக்கிவிடுவேன் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் அவன் மனைவி கையால்தான் துவைத்தாள். வீட்டுத் துணி மட்டும் இல்லை. இரண்டு தெரு தள்ளிப் பன்னிரண்டு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதன் படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிக்குப் போடுகிற அங்கி, ஆபரேஷன் துணி எல்லாம் ஒன்பது வருஷமாக அவள் பொறுப்பு. அந்த வேலையை அவளே போய்க் கேட்டு வாங்கினாள். புருஷனுக்கே மூன்றாம் நாள்தான் சொன்னாள்.

இந்த வருஷம் அவள் வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் கொடியில் துணி போடும்போது வலித்தது. அப்புறம் தலை வார முடியவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்தார், அவள் பல்லைக் கடித்தாள். கசக்குவது, அடிப்பது, பிழிவது எல்லாவற்றையும் நிறுத்தாவிட்டால் இந்தக் கை தோளுக்கு மேலே ஏறவே ஏறாது என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவள், அன்று சாயங்காலமே இடது கையால் எட்டு விரிப்பைக் கசக்கிப் போட்டாள்.

விஷயம் பெரிய சிஸ்டர் காதுக்குப் போனது. அந்த ஆஸ்பத்திரியில் துணிமணிக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. பதினைந்து நாள் தருகிறேன், கையைக் கெடுத்துக்கொள்ளாமல் துவைக்க ஒரு வழி பண்ணு, பதினாறாம் நாள் நானே வந்து பார்ப்பேன், வழி இல்லை என்றால் எல்லாத் துணியும் பெரிய சலவைக் கம்பெனிக்குப் போய்விடும் என்று சொல்லியனுப்பினார்.

"விட்டுத் தொலை அந்த வேலைய," என்றான் பம்பரம்.

"நீங்க ஒரே ஒரு நாள் எங்கயும் போகாம இந்த ரூம்ல இருந்து காட்டுங்க. அப்புறம் நான் விடறேன்."

அந்த ஒரு நாளை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை தெருவில் போகும்போது, ஒல்லிக்குச்சி மாதிரி ஒரு பெண் மருந்துக் கடையின் இரும்பு ஷட்டரை ஒரு கையால் மேலே தள்ளுவதைப் பார்த்தான். அவள் எடையைப் போல இரண்டு மடங்கு இருக்கும் அந்த ஷட்டர். மேலே உருளைக்குள் சுருண்டு கிடக்கிற ஸ்பிரிங் தூக்கிக் கொடுக்கிறது. கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை. பம்பரம் நடுத்தெருவில் நின்றான். அவன் நின்றதைப் பார்த்து டீக்கடைக்காரர் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

நேரே மச்சான் பட்டறைக்குப் போனான். மனைவியின் அண்ணன், வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். ஷட்டர் போடுவதும் கழற்றுவதும்தான் அவர் பிழைப்பு என்பதால் பழைய ஸ்பிரிங்குகள் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தன. நான்கே நாளில் சாமான் தயார். தண்ணீர் டிரம் ஒன்றை நீளவாக்கில் பாதியாக அறுத்து, இரண்டு இரும்புக் கால்களுக்கு நடுவே பேரிங் வைத்துத் தொங்கவிட்டார்கள். பக்கத்தில் ஷட்டர் ஸ்பிரிங். கைப்பிடியைப் பிடித்து முப்பது சுற்றுச் சாவி கொடுத்தால் அது இறுகும். விட்டால், செத்த மெஷின்களிலிருந்து எடுத்த பல்சக்கரங்கள் வழியாக அவிழ்ந்து ஒரு தண்டை முன்னும் பின்னும் தள்ளும். தண்டு தொட்டியை ஆட்டும். ஒரு சாவிக்கு இருபது நிமிஷம்.

மொட்டை மாடியில் ஏற்றி வைத்தபோது வெறும் தண்ணீரோடு பிரமாதமாக ஆடியது. ஐந்து விரிப்பைப் போட்டதும் பேயாட்டம் ஆடியது. இந்தக் கோடிக்குப் போய் ஒரு இடி, அந்தக் கோடிக்குப் போய் ஒரு இடி. இடித்து இடித்து மூன்று அடி நகர்ந்து கைப்பிடிச் சுவரில் முட்டியது. கீழ் வீட்டு ஆள் மேலே வந்து, கூரை இறங்குகிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதற்கு மருந்து அவனிடமே இருந்தது. மெஷின்களுக்குள் டிரம்மைத் தாங்கித் தொங்கவிடும் சின்ன ஸ்பிரிங்குகள் அவன் வீட்டில் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. பக்கத்துக்கு நான்காக மாட்டினான். தொட்டி கோடிக்குப் போகும்போது அவை பிடித்துக்கொள்ளும், பிடித்த வேகத்தையே திருப்பிக் கொடுக்கும். இடி நின்றது. வழவழவென்று போனது, வந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் துணியை எடுத்து விரித்துப் பார்த்தால் போட்ட அழுக்கு போட்டபடியே இருந்தது.

அங்கேதான் அவன் சுபாவம் காலை வாரியது. வேகம் போதவில்லை என்று முடிவு கட்டினான். இன்னொரு ஷட்டர் ஸ்பிரிங்கைச் சேர்த்தான். அதே காலையில் பல்சக்கரத்தை மாற்றினான், சோப்புத் தூளைக் கூட்டினான், தண்டை இரண்டு அங்குலம் குறைத்தான். எது எதைச் செய்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. சாவி கொடுப்பான். தொட்டியைச் சுற்றி இரண்டு நடை. குனிந்து பார்ப்பான், காதை வைத்துக் கேட்பான், சத்தம் நன்றாகத்தான் இருக்கும். மூன்றாவது நிமிஷம், ஒரு வீட்டில் கம்ப்ளைண்ட் இருக்கிறது என்று பையோடு படியிறங்கிவிடுவான். திரும்பி வரும்போது தொட்டி நின்று போயிருக்கும், துணி மங்கலாகக் கிடக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எதையாவது கழற்றுவான்.

பத்தாம் நாள் மச்சான் பார்க்க வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாப்ள, துணி வெளுக்குதோ இல்லையோ, நல்லா தூங்குது," என்றார்.

பம்பரத்துக்குச் சுருக்கென்றது. ஸ்பிரிங்கில் குறை இல்லை, உங்கள் வெல்டிங் கோணல் என்று திருப்பிக் கொடுத்தான். அதன்பின் மூன்று நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் அவன் வந்தபோது ஜன்னல் விளிம்பில் மூன்று கண்ணாடி டம்ளர் வரிசையாக இருந்தது. முதலாவதில் தண்ணீர் ஏறக்குறையத் தெளிவு. இரண்டாவதும் அப்படித்தான், லேசாகப் புகை படிந்த மாதிரி. மூன்றாவது கழனித் தண்ணீர்.

டாக்டர் சொன்னபடி கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வேறு வேலை செய்ய முடியாததால் ஒரு வாரமாக அந்தத் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரம்பத்திலிருந்து அது நிற்கிற வரைக்கும். அந்த வீட்டில் அதை முழுசாகப் பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

"நீங்க போனப்புறம்தான் அது துவைக்குது," என்றாள்.

அவன் கிண்டல் என்று நினைத்தான்.

"கிண்டல் இல்லங்க. சாவி குடுத்ததும் அது உங்கள மாதிரியே ஓடுது. துணி தொட்டியோட ஒட்டிக்கிட்டே போய்ட்டு ஒட்டிக்கிட்டே வருது, பெட்டியில வெச்சு ஆட்டினாப்பல. சாவி தீரப்போற நேரத்துல தளர்ந்து மெதுவா ஆடும் பாருங்க, அப்பதான் தண்ணி ஒரு பக்கம் போகுது, துணி பின்னாடி வருது. ஒண்ணு மேல ஒண்ணு உரசுது. கையால அலசும்போது அப்படித்தான் செய்வோம்."

நேரம் ஆக ஆக அழுக்கு சேரத்தானே செய்யும், இதில் என்ன அதிசயம் என்று அவன் மடக்கினான். முதல் டம்ளர் ஐந்தாம் நிமிஷம் மொண்டது, இரண்டாவது பதினைந்தாம் நிமிஷம்; பத்து நிமிஷத்தில் இவ்வளவுதான் வித்தியாசம். மூன்றாவது கடைசி ஐந்து நிமிஷத்தில் வந்தது. அவள் சொன்ன கணக்கு அதுதான். அவன் டம்ளர்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான், மாற்றி மாற்றிப் பிடித்தான், வைத்தான். காதால் ரிப்பேர் பார்த்தே பழகியவன். துணி என்ன பாடுபடுகிறது என்று தொட்டிக்குள் ஒரு முழு ஆட்டமும் நின்று பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இருபது நிமிஷமும் அந்தக் கடைசி ஐந்து நிமிஷம் மாதிரியே ஆட வேண்டும். அதுதான் இப்போது வேலை. இரண்டாவது ஷட்டர் ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்தான். ஆனாலும் சாவி கொடுத்த புதிதில் மிச்சமிருந்த ஸ்பிரிங் துள்ளத்தான் செய்தது. அதை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்று அறைக்கும் மாடிக்குமாக நடந்தான். நடக்க நடக்க அந்தக் கடிகாரக் கடை ஞாபகம் வந்தது. மணியடிக்கிற சுவர்க் கடிகாரம் ஒன்றைத் துடைக்கக் கொடுத்திருந்தார்கள். உள்ளே ஒரு குட்டித் தகடு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. வெட்டிச் சாமான் என்று கழற்றி வைத்துவிட்டு மூடிவிட்டான். மத்தியானம் பன்னிரண்டு மணியையும் அந்தக் கடிகாரம் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தது. கடைக்காரர் அவன் சட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தார். வேகமாகச் சுற்றினால் காற்று அந்தத் தகட்டைப் பிடித்துத் தடுக்கும், மெதுவாகச் சுற்றினால் விட்டுவிடும். சுத்தியல் நிதானமாக அடிப்பது அதனால்தான் என்று வெளியே தள்ளும்போது சொன்னார்.

பட்டறைக்கு ஓடினான். மச்சான் கோபத்தை ஒத்தி வைத்துவிட்டுத் தகரத்தை வெட்டிக் கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டு அளவில் இரண்டு இறக்கை. கடைசிப் பல்சக்கரத்தில் மாட்டினான்.

பதினான்காம் நாள் சோதனை. அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: நிற்கிற வரைக்கும் அவனும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தான். நான்காம் நிமிஷம் கழுத்தைச் சொறிந்தான். ஆறாம் நிமிஷம் போனை எடுத்தான், அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். எட்டாம் நிமிஷம், ஒரு நட்டு லூசாக இருக்கிற மாதிரி தெரிகிறது என்று எழுந்தான். லூசாக இல்லை என்றாள். தகரம் விர்ரென்று காற்றைக் கிழித்தது. தொட்டி ஆற அமரச் சாய்ந்தது, நின்று யோசித்தது மாதிரி திரும்பியது. தண்ணீர் முன்னால் போக, துணி புரண்டு பின்னால் வந்தது. பத்தாம் நிமிஷத் தண்ணீரே கறுப்பாக இருந்தது. அவனுக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருந்தது.

பதினாறாம் நாள் பெரிய சிஸ்டர் வந்தார். கொண்டுவந்த அழுக்குத் துணி மூட்டையைத் தானே அவிழ்த்து, இருப்பதிலேயே மோசமான ஐந்து விரிப்பைப் பொறுக்கிப் போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கடைசி வரை நின்றார். தொட்டியின் அடியில் அடைப்பானைப் பிடுங்கித் தண்ணீரை வெளியேற்றி, இரண்டு தடவை அலசி, பம்பரம் விரிப்புகளைப் பிழியாமல் அப்படியே தூக்கிச் சொட்டச் சொட்டக் கொடியில் போட்டான். சிஸ்டர் வெயிலுக்கு நேரே நின்று ஒவ்வொன்றையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"விரிப்பும் உறையும் சரி. ஆபரேஷன் துணி? ரத்தக் கறை இதுல போகுமா?"

போகும், ஸ்பிரிங்கில் ஒரு சின்ன வேலை செய்தால் போகும் என்று சொல்லப் பம்பரம் வாயைத் திறந்துவிட்டான். மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"போகாது சிஸ்டர். அத கையால கசக்கித்தான் ஆகணும், அது இனி என்னால ஆகாது. அத கம்பெனிக்கே அனுப்பிடுங்க. விரிப்பும் உறையும் அங்கியும் என்கிட்ட இருக்கட்டும்."

சிஸ்டர் அவள் தோளைப் பார்த்தார்.

"முப்பது சுத்து யாரு சுத்துவா? நீயா?"

"இவர்தான்," என்றாள் அவள்.

பம்பரம் அதுவரை அதை யோசித்திருக்கவே இல்லை. தினமும் நான்கு மூட்டை. நான்கு சாவி. நடுவில் தண்ணீர் மாற்ற வேண்டும், கொடியில் போட வேண்டும். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை மாடியை விட்டு இறங்க முடியாது. காலால் மிதித்துச் சாவி கொடுக்கிற மாதிரி ஒன்றைச் செய்துவிட்டால் என்று மனம் அப்போதே பட்டறைக்குக் கிளம்பியது.

"இவரு இருப்பாரா?" என்று சிஸ்டர் அவளைத்தான் கேட்டார்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. கொடியில் கோணலாகத் தொங்கிய விரிப்பின் நுனியை இடது கையால் இழுத்துவிட்டாள்.

"இருப்பேன் சிஸ்டர்," என்றான் அவன்.

நாளைக் காலை மூட்டை வரும் என்று சொல்லிவிட்டு சிஸ்டர் படியிறங்கினார்.

மறுநாள் ஆறு மணிக்கு மூட்டை வந்தது. முப்பது சுற்றுச் சுற்றிக் கைப்பிடியை விட்டான். தகரம் விர்ரென்றது, தொட்டி சாய்ந்தது. அவன் மாடியை ஒரு வலம் வந்தான், சுவரோரம் எட்டித் தெருவைப் பார்த்தான், கதவுப் பக்கமாக நகர்ந்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"இல்ல, சும்மா."

"இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு. உட்காருங்க."

வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான். அவள் இடது கையைத் தொட்டிக்குள் விட்டுத் தண்ணீர் கறுக்கிறதா என்று பார்த்தாள். வலது கை மடியில் கிடந்தது.