கூண்டுக்குள் கிரீஸ்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்திலாவது லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டினால் இவருக்குத்தான் போன் வரும். சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடுவார். தனக்கென்று ஒன்றும் கேட்கத் தெரியாத மனிதர். சட்டை நான் எடுத்துக் கொடுப்பதுதான். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூட வாயைத் திறக்க மாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாயங்காலம் டூல்ஸ் பையைத் திறந்து ஒரு நாய்க்குட்டியை வெளியே எடுத்தார்.

ஏதோ ஒரு கட்டடத்தில், லிஃப்டுக்குக் கீழே இருக்கும் பள்ளத்துக்குள் விழுந்து கிடந்ததாம். உடம்பெல்லாம் மெஷினுக்குப் போடும் கிரீஸ். எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தும் முதுகில் இருந்த கறுப்பு போகவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அதன் நிறமே அதுதான் என்று. பெயர் மட்டும் கிரீஸ் என்றே நின்றுவிட்டது.

“இது நமக்கு இருக்கட்டுமே,” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். முடியாது என்று எப்படிச் சொல்வது?

நான் தெருமுனை மருந்துக் கடையில் பில் போடுகிறவள். காலையில் இருவரும் கிளம்பிவிட்டால் வீட்டில் ஆள் இல்லை. கிரீஸ் கதவடியில் மூக்கை வைத்து ஊரையே கூட்டியது. ஒரு நாள் அழுது சலித்த நேரத்தில் ஃபிரிட்ஜ் ஒயரைக் கடித்து வைத்திருந்தது. நல்ல வேளை, அன்று கரண்ட் இல்லை. 

கீழே குடியிருக்கும் எங்கள் ஹவுஸ் ஓனர் ஒரு நர்ஸ். நைட் டியூட்டி. எல்லோரும் வேலைக்குப் போகிற நேரத்தில்தான் அவர் வந்து படுப்பார். அவரும் எவ்வளவுதான் பொறுப்பார், பாவம்? ஒரு சாயங்காலம் மேலே வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“எனக்கு நாய் மேல கோபம் இல்லம்மா. தூக்கம் இல்லாம போய் நான் ஊசியை மாத்திப் போட்டேன்னா யாரு பதில் சொல்றது? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன். திங்கக்கிழமையும் இதே கதைன்னா வேற எங்கயாவது விட்டுடுங்க.”

நியாயமான பேச்சு. ஆனால் வேறு எங்கே? கேட்டுப் பார்த்த அத்தனை பேரும் கையை விரித்துவிட்டார்கள். பஸ் போகிற தெருவில்தான் விட வேண்டும். அன்று இவர் சாப்பிடாமலே எழுந்துவிட்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

நாய் டாக்டரிடம் போய்க் கேட்டேன். கம்பிக் கூண்டு ஒன்று வாங்கச் சொன்னார். முதலில் கதவைத் திறந்தே வைத்து உள்ளே சாப்பாடு வைக்க வேண்டும். பிறகு கொஞ்ச நேரம் மூட வேண்டும். அழும்போது மட்டும் திறக்கக் கூடாது, அழுதால் திறக்கும் என்று பழகிவிடும். அடங்கினதும் திறக்கலாம். அவ்வளவுதான். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

நான் கூண்டை மூடுவேன். குட்டி ‘ங்கீ’ என்று ஆரம்பிக்கும். அடுத்த நொடி இவர் கை தாழ்ப்பாளில் இருக்கும்.

“என்னங்க பண்றீங்க?”

“உள்ள இருந்து கூப்பிடறான்ல?”

“கூப்பிடட்டும். டாக்டர் என்ன சொன்னாரு?”

“நீ சொல்லிடுவ, உனக்கென்ன. யாராவது உள்ள இருந்து கூப்பிட்டா ஓடிப் போய்த் திறக்கறதுதான் என் பொழப்பே. கை தானாப் போகுது.”

“அப்போ கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க!”

கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

மறுநாள் பார்த்தால் குட்டி வெளியே உட்கார்ந்து என் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது. நான் கதவைச் சரியாகத்தான் போட்டிருந்தேன். மறுபடி உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். குட்டி உட்பக்கம் எதையோ மூக்கால் தள்ளியது, கதவு திறந்தது, பெரிய மனுஷன் மாதிரி வெளியே நடந்து வந்தது. குனிந்து பார்த்தேன். தாழ்ப்பாளோடு சேர்த்து உள்ளே ஒரு சின்னத் தகடு! நான் குளிக்கப் போன நேரத்தில் இவர் பார்த்து வைத்த வேலை.

“எமர்ஜென்சிக்கு,” என்றார். “தீ கீ பிடிச்சா? நாம இல்லாதப்போ கரண்ட் கிரண்ட் போனா?”

“கரண்ட் போனா கூண்டுக்கு என்னங்க?”

இவர் குனிந்து தகட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

“அப்படியே ஒரு மணி, ஒரு ஃபேனு, நாலு பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு ஒரு போர்டு, எல்லாத்தையும் மாட்டிடுங்களேன். நல்லா இருப்பீங்க!”

நன்றாகக் கத்திவிட்டேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கே மனசு கேட்கவில்லை. “இங்க பாருங்க,” என்றேன். “அவன் நம்மகிட்ட இருக்கணும்னா இதுக்குள்ள இருக்கப் பழகணும். நீங்க இப்போ திறந்து விடறது வீட்டுக்குள்ள இல்லீங்க, தெருவுக்கு.”

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தகட்டைக் கழற்றினார்.

அதன்பின் நான் கூண்டை மூடும்போதெல்லாம் பால் வாங்க, தக்காளி வாங்க என்று இவரை வெளியே துரத்தினேன். வீட்டில் தக்காளி மலையாகக் குவிந்தது. இவருடைய பழைய யூனிஃபார்ம் சட்டையைக் கூண்டுக்குள் விரித்தேன். குட்டி அழும், சலிக்கும், சட்டையில் மூக்கைப் புதைத்துக்கொள்ளும். அடங்கினதும் திறப்பேன். ஞாயிறு சாயங்காலம், கதவு திறந்திருந்தும் தானாகவே உள்ளே போய்ப் படுத்தது. ஆனால் ஆளில்லாத வீட்டில் என்ன செய்யும் என்பது மறுநாள்தான் தெரியும்.

திங்கட்கிழமை குட்டியைக் கூண்டில் மூடிவிட்டு வந்தேன்; கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்றுவலி மாத்திரைக்குப் பில் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்ததும் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் இவர் நிற்கிறார். பைக்கை ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்திருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

“சத்தமே இல்லம்மா.”

“அதுதானே நமக்கு வேணும்!”

“உனக்குத் தெரியாது. லிஃப்டுல மாட்டினவங்க கத்தினா எனக்குப் பயமே கிடையாது. கத்தாம இருந்தாத்தான் பயம். உள்ள மயங்கிக் கிடப்பாங்க.”

“மெதுவா...” என்று நான் வாயெடுப்பதற்குள் மேலே போய்விட்டார். படியில் ஏறினாரா, படியை இடித்தாரா தெரியவில்லை. சாவிக்கொத்து கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தார், எந்தச் சாவி என்று தெரியவில்லை. கதவை அறைய ஆரம்பித்தார். “கிரீஸ்! டேய் கிரீஸ்! நான் வந்துட்டேன்டா, பயப்படாதே!” எதிர்வீட்டு ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. நான் ஓடிப் போய்ச் சாவியைப் பிடுங்கித் திறந்தேன். அதற்குள் அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது, பொய் சொல்வானேன்.

கூண்டுக்குள் கிரீஸ் சட்டையின் மேல் மல்லாந்து, நான்கு காலையும் பரப்பித் தூங்கிக்கொண்டிருந்தது. அத்தனை கூச்சலுக்கும் ஒரு கண்ணை மட்டும் திறந்தது. இவரைப் பார்த்து வாலை ஒரு தட்டுத் தட்டியது. கொட்டாவி விட்டது. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது வாசலில் நர்ஸம்மா வந்து நின்றார். தலை கலைந்திருந்தது. தலையணை மடிப்பு கன்னத்தில் பதிந்திருந்தது.

“என்ன சார் ஆச்சு? வீடு இடிஞ்சு விழுந்துடுச்சா?”

இவர் அடித்துப் பிடித்து எழுந்தார். “மன்னிச்சுக்கங்க சிஸ்டர். இந்த நாய்... இது சத்தமே போடாம...”

“ஆமா, போடல. காலையிலேருந்து நிம்மதியாத் தூங்கிட்டு இருந்தேன். எழுப்பினது நீங்க.” கூண்டுக்குள் குனிந்து பார்த்தார். உள்ளே குறட்டை ஆரம்பித்திருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “நாய் இருக்கட்டும்மா. அது பாட்டுக்கு இருக்கு. இவரைத்தான் எதுலயாவது போட்டுப் பழக்கணும்.”

அவர் கீழே போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. இவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பார்த்தேன். இரண்டும்தான்.

“இருக்கட்டும்னு சொன்னாங்கல்ல? நீயும் கேட்டல்ல?”

“கேட்டேன்.”

“அப்போ இருக்கலாம்ல?”

“இருக்கலாம். மெதுவாப் பேசுங்க,” என்றேன். “ரெண்டு பேரு தூங்கறாங்க.”