மைக் விழிக்காத சனி ஞாயிறு

திங்கள்கிழமை காலை வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பெங்களூர் ஆபீசிலிருந்து போன். டெஸ்டிங் பார்க்கும் பெண். எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை மளிகைக்கடைக்காரர் மகள்; தினமும் ரயிலில் போய் வருகிறவள்.

"இன்னாண்ணா, உங்க வூட்டுப் பெட்டில மைக் டிரைவர் மக்கர் பண்ணுது. வெள்ளிக்கிழம தூங்குச்சு, இன்னும் ஏந்திரிக்கல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மைக்கை இயக்கும் அந்த டிரைவர் நிரலை எழுதியவன் நான். தனியாக வாழும் முதியவர்கள் குரல் கொடுத்தால் உதவிக்கு ஆளை வரவழைக்கும் பெட்டிக்கானது அது. சுவரில் மாட்டிவிட்டால் பேட்டரியிலேயே மாதக்கணக்கில் ஓட வேண்டும். அதனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் வேலையில்லாதபோது தூங்கவைத்து, தேவைப்படும்போது எழுப்புவது அதனதன் டிரைவரின் பொறுப்பு. மைக் அரைத் தூக்கத்தில் இருக்கும். மின்விசிறி, பாத்திரம், தெருநாய் எதற்கும் அசையாது. வீட்டுக்குள் மனிதக் குரல் கேட்டால் மட்டும் விழிக்கும். அது விழிக்காவிட்டால், கீழே விழுந்தவர் எவ்வளவு கத்தினாலும் உதவிக்கு ஆள் வராது. சோதனைக்காக ஒன்றைச் சாம்பியன் ரீப்ஸில் இருக்கும் என் வீட்டுக் கூடத்திலேயே மாட்டியிருந்தேன்; அது தூங்குவதும் விழிப்பதும் ஆபீசில் பதிவாகும்.

"பாத்துட்டுச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டு, உள்ளே போய் நிரலை வரி வரியாகப் பார்த்தேன். தப்பு எதுவும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து இந்த வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. மனைவி இறந்த பிறகு டிவியும் போடுவதில்லை. கனடாவிலிருந்து மகள் 'சாப்டீங்களா' என்று மெசேஜ் போட்டாள். நானும் கட்டைவிரலாலேயே பதில் சொல்லி முடித்திருந்தேன்.

மறுபடியும் முதலிலிருந்து தேடினேன். சொந்த வேலையில் ஓட்டை இருந்து தொலைக்கட்டும் என்று நான் ஆசைப்பட்டது அன்று ஒருநாள்தான்.

கடைசியில், பேசிப் பார்ப்பதுதான் ஒரே வழி. பெட்டிமுன் போய் நின்றேன். என்ன பேசுவதென்றே தெரியவில்லை. கனைத்துக்கொண்டு, "இன்னா, சாப்ட்டியா?" என்றேன்.

உடனே பச்சை விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. ஒரு குரல் கேட்டால் இன்னொரு குரல் பதில் சொல்லும், அதுவரை மைக் விழித்திருக்கட்டும் என்று நான்தான் எழுதியிருந்தேன். அது காத்திருந்தது. நானும் நின்றேன். பிறகு விளக்கு அணைந்தது. எனக்கு அழுகை வந்தது. என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "டிரைவர் சரியாத்தாம்மா கீது. வூட்ல யாரும் பேசல, அவ்ளோதான்."

அவள் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"அப்போ டெஸ்ட் பாஸ்னு போட்டுடட்டுமாண்ணா?"

"போட்டுடும்மா."