சித்தேரி மலையில் நான் பரிமாறிய முட்டை

சித்தேரிக்கு எப்படிப் போவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பஸ், செலவு எல்லாம் சொல்கிறேன். ஆனால் நான் போனது ஐப்பசி மழையில், ஒரு வியாழக்கிழமை. பார்த்தது பெரும்பாலும் மேகமும் சேறும்தான். கூடவே ஒரு தப்பும் செய்துவிட்டு வந்தேன். அதை மறைத்துவிட்டு மலையழகை மட்டும் எழுத மனசு வரவில்லை.

காலை 5.50க்குத் தருமபுரியில் பஸ் ஏறினேன். அரூர் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் 35 ரூபாய், 7.10க்கு இறங்கியாயிற்று. சித்தேரி பஸ் 7.40க்கு என்றார்கள், 8.25க்கு வந்தது. அதற்கு 25 ரூபாய். என் ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டதால் மலை ஏறுவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். மேலே போனாலும் ஒன்றும் தெரியாது என்று டிரைவர் முதலிலேயே சொன்னார். கேட்டேனா?

இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்திருப்பேன். பதினொரு மணிக்கு மழை கொட்டத் தொடங்கியது. பக்கத்தில் ஒதுங்க இருந்த ஒரே கூரை ஒரு நடுநிலைப் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். தலைமை ஆசிரியர் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். சத்துணவு சமைக்கும் சரோஜா அக்காவுக்கு அன்று உதவியாள் இல்லை, காய்ச்சலாம். சும்மா உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, முட்டையாவது வைக்கிறீர்களா என்று கேட்டார். ஆசிரியரும் தலையாட்டினார். சந்தோஷமாகக் கையைக் கழுவிக்கொண்டு போனேன்.

சோறு, சாம்பார், ஆளுக்கு ஒரு அவித்த முட்டை. 12.30க்கு மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். ஆறாம் வகுப்பு மஞ்சுவை மட்டும் அக்கா கண்ணால் காட்டினார்.

"சார், அந்தப் புள்ளைக்கி மட்டும் முட்டைய ஒடச்சி சோத்துல பெசஞ்சி வுட்ருங்க. முழுசா குடுத்தா திங்காது, வூட்டுக்குக் கொண்டுபோயிரும்."

விவரத்தை அவரே சொன்னார். அம்மாவும் அப்பாவும் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறார்கள். மஞ்சுவும் மூன்று வயதுத் தம்பியும் பெரியம்மா வீட்டில் இருக்கிறார்கள். ஐந்தாவது வரைக்கும் பள்ளியில் காலைச் சாப்பாடு கிடைத்தது. ஆறாவதுக்கு வந்ததும் அது நின்றுவிட்டது. இப்போது மத்தியானச் சோறுதான் அவளுக்கு அன்றைய முதல் சாப்பாடு. அதிலும் முட்டையைத் தம்பிக்கு ஒளித்துக்கொண்டு போய்விடுகிறாள்.

எனக்குச் சுருக்கென்றது. தம்பிக்குக் கொடுக்க நினைக்கிற பிள்ளையிடம் இவ்வளவு கறாரா? அவள் முட்டை, அவள் இஷ்டம். அக்கா சாம்பார் வாளியோடு அந்தப் பக்கம் திரும்பியதும் முழு முட்டையை அவள் தட்டில் வைத்தேன். அவள் ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். முட்டை சீருடைப் பைக்குள் போய்விட்டது. பெரிய நல்ல காரியம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு பூரிப்பு வேறு. நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

1.20க்குத் தட்டுக் கழுவும் குழாயடியில் சத்தம். மஞ்சு மயங்கி விழுந்திருந்தாள். நெற்றியில் லேசான சிராய்ப்பு. இந்த வருடம் இது மூன்றாவது தடவையாம். ரத்தம் குறைவு என்று ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள். கை நெற்றிக்குப் போகவில்லை, பைக்குப் போனது. விழுந்ததில் முட்டை நசுங்கி, துணியோடு மஞ்சள் கரு அப்பியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அழுதாள்.

"தம்பிக்கி வெச்சிருந்தேன்" என்றாள்.

சரோஜா அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மஞ்சுவின் சீருடைப் பையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். ஒரு முட்டை தின்னாததால் ஒரு மணி நேரத்துக்குள் யாரும் மயங்கி விழமாட்டார்கள், எனக்கும் தெரியும். அவரும் அதைத்தான் சொன்னார்.

"இன்னிக்கி ஒரு முட்டையில ஒண்ணும் ஆவாதுங்க சார். ரெண்டு மாசமா பக்கத்துலயே நின்னு திங்க வெச்சி இப்பதான் பழக்கியிருந்தேன். நாளைக்கி நான் ஒடச்சிப் போட்டா, அந்த சாரு முழுசா குடுத்தாரேன்னு கேக்கும். நான் என்னாங்க சொல்றது?"

தம்பிக்கு அங்கன்வாடியில் முட்டை கிடைக்காதா என்று கேட்டேன். அது அடுத்த சரிவில் இருக்கிறது, மழைக்காலத்தில் தூக்கிக்கொண்டு போக ஆளில்லை என்றார். பெரியம்மா விடிந்ததும் கூலிக்குப் போய்விடுகிறாராம். ஆசிரியர் அங்கே பேசிப் பார்ப்பதாகச் சொன்னார், ஆனால் குரலில் நம்பிக்கை இல்லை.

மழை விடவில்லை. 3.30 பஸ்ஸைப் பிடித்து மலை இறங்கிவிட்டேன். வழி நெடுக ஒரு காட்சியும் மனதில் நிற்கவில்லை.

போகிறவர்களுக்கு: தை, மாசியில் போங்கள். தருமபுரியிலிருந்து போகவர பஸ்ஸுக்கு 120 ரூபாய் போதும். மாலை பஸ்ஸைத் தவறவிடாதீர்கள். மேலே தங்க இடம் இருக்கும் என்று நம்பிப் போகவேண்டாம். பிஸ்கட், சிப்ஸ் வாங்கிப்போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், பசி அதிலேயே அடங்கிவிடும். யாராவது உங்கள் கையில் முட்டைத் தட்டைக் கொடுத்தால், சமைக்கிறவர் சொல்கிறபடி பரிமாறுங்கள். நமக்கு இரக்கம் வருவது ஒரு மத்தியானம். அடுத்த நாளும் அந்தப் பிள்ளைக்கு எதிரே தட்டோடு நிற்கப்போவது அவர்தான்.