சோஷியல் ஒர்க்கர் அம்மா வாய் திறக்கவில்லை

நான் அனுப்பிய நேந்திர வாழைக்குலை ஒரு காய்கூடக் குறையாமல் என் லாரி ஷெட் வாசலுக்கே திரும்பி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கிளீனராக ஏறி, ஸ்டியரிங் பிடித்து, கஞ்சிக்கோட்டில் சொந்த லாரிகளை நிறுத்தியவன். வாளையார் செக்போஸ்ட்தான் எனக்குக் காலேஜ். அங்கே நாம் கொடுத்த மாமூலை ஒருவர் திருப்பினால் வேண்டாம் என்று பொருளில்லை, போதாது என்று பொருள். ஆகவே மறுநாள் குலையோடு ஒரு மூட்டை நிலக்கடலையும் ஏற்றி அனுப்பினேன்.

அனுப்பியது பாலக்காட்டு ஆபீஸ் ஒன்றில் இருந்த சோஷியல் ஒர்க்கர் அம்மாவுக்கு, கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். கோவிந்தாபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்த என் தங்கை, கைக்குழந்தையோடு புருஷன் வீட்டைவிட்டுக் கிளம்பி, என் வீட்டுக்கு வராமல் நேரே அவரிடம் போயிருந்தாள். அவளை எங்கே தங்கவைத்திருக்கிறார் என்று அந்தம்மா வாய் திறக்கவில்லை, கூடப்பிறந்தவனிடம்கூட.

இந்த முறை அந்தம்மாவே மூட்டையோடு வந்து இறங்கினார்.

"இதெல்லாம் நாங்க வாங்கப்படாது. இந்த வேலைக்குன்னு ஒரு நெறிமுறை இருக்கு. உங்க தங்கை எங்கிட்டச் சொன்னது அவளோடது. அவ சம்மதிக்காம யார்கிட்டயும் சொல்லப்படாது."

"ஏனுங்க, நான் அண்ணனுங்க!"

"அண்ணாவா இருந்தாலும்தான்."

தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். எனக்குச் சந்தேகம் முற்றியது. எதையும் வாங்காத ஆள் பெரிதாக எதற்கோ அடிபோடுகிறார் என்றுதானே அர்த்தம்? குழந்தையைத் தத்துக் கொடுத்துவிடுவாரோ, நிலத்தில் பங்கு கேட்டுக் கேஸ் போட வைப்பாரோ? நெறிமுறை என்பது படித்தவர்கள் நம் மூஞ்சியில் கதவைச் சாத்தப் போட்டுவைத்த தாழ்ப்பாள் என்று டீக்கடை முழுக்கச் சொன்னேன்.

அப்போதுதான் மாப்பிள்ளை வந்து நின்று தேம்பினார். "மச்சான், ஒருக்கா அவ மொகத்தக் காட்டீருங்க, போதுமுங்க." ஆளை ஒரே பார்வையில் எடைபோடுகிறவன் என்று எனக்குப் பேர். நம்பி, லாரியில் ஏற்றி அந்த ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். அந்தம்மா அதே குரலில் சொன்னார்: "புருஷனா இருந்தாலும்தான்."

மாப்பிள்ளையின் அழுகை சட்டென்று நின்றது. இடுப்பிலிருந்து கத்தி வந்தது. "எங்கடி ஒளிச்சு வெச்சிருக்கற? அவளக் கண்டதுண்டமா வெட்டாம உடமாட்டேன்!"

அந்தம்மா நாற்காலியைவிட்டு எழவேயில்லை. நான்தான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக் கத்தியைப் பிடுங்கினேன். அந்தக் காலத்தில் என் பிடியிலிருந்து நழுவியவன் கிடையாது.

போலீஸ் மாப்பிள்ளையைக் கொண்டுபோன பிறகு, "இப்பவாச்சும் எனக்குச் சொல்லுங்கம்மா" என்றேன்.

"அவகிட்டக் கேட்டுண்டு சொல்றேன்" என்றார். தங்கை சரியென்ற பிறகே என்னை அவளிடம் கூட்டிப்போனார்.

அந்தம்மா இப்போது இல்லை. தங்கை பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். இப்போதெல்லாம் காலையில் ஒருவரிடம் சொன்ன ரகசியம் மத்தியானத்துக்குள் எல்லோர் போனிலும் வந்துவிடுகிறது. ஆனால் அன்றைக்கு அவள் ஏன் என் வீட்டுக்கு வரவில்லை, என்னைப் பற்றி அந்தம்மாவிடம் என்னதான் சொன்னாள் என்ற சந்தேகம் மட்டும் எனக்கு இன்றுவரை தீரவில்லை. போன வாரம் தங்கையிடமே கேட்டுவிட்டேன்.

காப்பியை ஆற்றி என் கையில் கொடுத்தாள். "அந்தம்மாவே சொல்லலீங்களேண்ணா, நான் எதுக்குச் சொல்லோணும்?"