குடிக்கிற தண்ணியைக் காருக்கு ஊத்துவாகளா?

காரில் நானும் அக்காவும் அம்மாவும் இருந்தோம். மச்சான் திருப்பூரில் வேலைக்குப் போயிருந்தார். அருப்புக்கோட்டையில் அக்காவுக்கு அன்று அரசு வேலைத் தேர்வு. வயது வரம்பால் அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

திருச்சுழி தாண்டியதும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. வண்டியை ஓரங்கட்டி இன்ஜின் ஆறக் காத்திருந்தேன்.

"ஏலே, ஆட்டோமொபைல் டிப்ளமா படிச்சவந்தானே நீ? ஏதாச்சும் செய்யுடா!" என்று அக்கா பதறினாள்.

தெர்மோஸ்டாட் வால்வு திறந்தால்தான் இன்ஜினின் சுடுநீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறும். அது சிக்கிக்கொண்டதென்று புரிந்தது. கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுதாக வைத்து, இன்ஜினின் சூட்டை எங்கள் மேல் வாங்கிக்கொண்டே ஓட்டினேன்.

"சித்திரை வெயில்ல ஹீட்டரா? எங்கள அவிச்சு எடுக்கப் போறியா?" என்றாள் அம்மா.

முள் இறங்கியது. ஆனால் தேர்வு மையத்தின் கேட்டை அதற்குள் பூட்டிவிட்டார்கள். அக்கா கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் தெர்மோஸ்டாட்டை நானே கழற்றினேன். வெந்நீர்ப் பானையின் அடிபோல வெள்ளையாக உப்பு அப்பியிருந்தது. எங்கள் ஊரில் குடிதண்ணீரைக் குடம் கணக்கில் வாங்குகிறோம். அதனால் ரேடியேட்டருக்கு உப்பான போர்வெல் தண்ணீர்தான். அது கூடாதென்று டிப்ளமா பரீட்சையில் எழுதியிருக்கிறேன். "குடிக்கிற தண்ணியக் காருக்கு ஊத்துவாகளா?" என்று அம்மா முன்பு கேட்டபோது, அந்தத் தண்ணீரையே பிடித்து ஊற்றினேன். அது இன்னும் உறுத்துகிறது.

"இனிமே எனக்கு எதுக்குடா கைடு?" என்று, புத்தகத்துக்கு வைத்திருந்த பணத்தை அக்கா எடுத்து நீட்டினாள். புதுத் தெர்மோஸ்டாட்டுக்கும், தண்ணீருக்குப் பதில் ஊற்றும் கூலண்டுக்கும் ஆன செலவு, ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.