வில்வ இலை போல மூன்று ஓட்டைகள்

முட்டைகூட வாங்காத எங்கள் கெல்லிவில் புறநகர் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க மான் வேட்டைக்குத் தோட்டா தயாரானது. அது 2011. எனக்கு ஒன்பது வயது.

துப்பாக்கி எங்களுடையதல்ல, அதே நகரின் கிரவீன் பகுதியிலிருந்து வந்த அங்கிளுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், யாரோ வீட்டுப் பிறந்தநாளில் அப்பாவின் பக்கத்தில் தற்செயலாக உட்கார்ந்தவர். கடைத் தோட்டா தன் துப்பாக்கியில் குறி சிதறுகிறது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். அளவுக் கருவிகளைச் சோதிப்பதே அப்பாவின் வேலை. தோட்டாவை நாமே நிரப்பிப் பார்க்கலாம் என்றிருக்கிறார். அதற்கு முன் அப்பாவைத் தேடி யாரும் வீட்டுக்கு வந்ததில்லை.

சனிக்கிழமை காலையில் அங்கிள் வெடிமருந்தும் குண்டுகளும் தோட்டாவுக்கான பித்தளைக் கூடுகளும் கொண்டுவருவார். மாலையில் எல்லாவற்றையும் எடுத்துப் போய்விடுவார். காற்றில் தராசுத் தட்டு அசையும் என்று அப்பா கராஜில் ஹீட்டரை அணைத்துவிடுவார். நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மருந்தின் அளவைச் சிறிது சிறிதாக மாற்றி நிரப்புவார்கள். மறுநாள் சுடுதளத்தில் அங்கிள் காகிதத்தைக் குறிபார்த்துச் சுடுவார். எந்த அளவில் ஓட்டைகள் நெருங்கி விழுகின்றனவோ அதுவே அந்தத் துப்பாக்கிக்கு ஏற்றது. துப்பாக்கியைத் தொடாத அப்பா ஓட்டைகளின் இடைவெளியை மட்டும் அளப்பார்.

அங்கிள் ஓயாமல் பேசுவார். "அப்பா மிளகாய்த்தூளும் இப்பிடி நிறுத்துத்தான் போடுறவரோ பிள்ளை?" என்பார். அப்பா சிரிப்பார். மற்ற நாட்களில் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று ஓட்டைகளும் ஒன்றோடொன்று ஒட்டி விழுந்தன. அப்பா காகிதத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, தற்செயலாக இருக்கலாம் என்றார். அடுத்த வாரம் கூட்டுக்குள் குண்டு இறங்கும் ஆழத்தை மாற்ற வேண்டும் என்றார். அதற்கடுத்த வாரம் கூடுகளை எடைவாரியாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கோ காரை உள்ளே விட இடம் வேண்டும். காபி கொண்டுவந்தவள் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"அதான் வில்வ இலை மாதிரி வந்துடுச்சே. இன்னும் என்னங்க பாக்கணும்?"

அங்கிளும் பார்த்தார். "ஓம் அக்கா. இன்னும் பாத்துக்கொண்டிருந்தா மான் கிழவனாப் போயிடும்."

அன்று அந்த அளவிலேயே ஒரு பெட்டி நிறைய நிரப்பினார்கள்.

அதற்குப் பின் சில சனிக்கிழமைகள் யாரும் வரவில்லை. பிறகு ஒரு மாலை, காரை அணைக்காமலே அங்கிள் வாசலில் வந்து நின்றார். காருக்குள் அவருடைய வேட்டை நண்பர்கள் இருந்தார்கள். ஒரே சூட்டில் விழுந்த மானின் தொடையைப் பையோடு நீட்டி, தோட்டா செய்தவருக்குத்தான் முதல் பங்கு என்றார். நாங்கள் சைவம் என்பதை அப்பா அவரிடம் சொல்லியே இருக்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அம்மா அதை வீட்டுக்குள் விடவில்லை. அண்டை வீட்டுக்குக் கொடுக்கச் சொன்னாள். அப்பா கொடுக்கவில்லை. கராஜில் ஐஸ் பெட்டிக்குள் வைத்து, தினமும் பெட்ரோல் நிலையத்திலிருந்து ஐஸ் வாங்கிவந்து போட்டார். அந்தச் சனிக்கிழமை கராஜிலிருந்தே அங்கிளுக்குப் போன் செய்தார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு. வீட்டுல எல்லாருக்கும் பிடிச்சுது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மறுபடி எப்ப வர்றீங்க?" என்றார்.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. தின்னாத கறிக்கு எதற்கு இந்தப் பொய் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அவருடைய கேள்விக்குப் பதில் வந்ததா என்று நான் கவனிக்கவே இல்லை.